மூக்குத் துணி

அன்புள்ள அம்மாவுக்கு அன்புக்கரசி வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பெருந்துறை மில்லில் எந்நேரமும் பஞ்சு பறக்கிறது. பக்கத்து மெஷின் சாந்தாமணி ஓயாமல் இருமினாள் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் நின்ற இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவினோம். "ஏனம்மணி, இனி அவ மெசினையும் நீயே பாத்துக்கோ" என்றார் சூப்பர்வைசர். பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இருமல் இல்லை, பயப்படாதீர்கள்.

மூக்கில் கட்டச் சுத்தமான துணி அவரவரே கொண்டுவர வேண்டுமாம். நம் உடுமலையிலிருந்து யாராவது இங்கே வந்தால் உங்கள் பழைய நூல் சேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். கிழிப்பதை நான் கிழித்துக்கொள்கிறேன். துவைக்க மட்டும் வேண்டாம். நீங்கள் கட்டி அவிழ்த்த வாசத்தோடு அப்படியே இருக்கட்டும்.

சங்கு ஊதிவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்,
அன்புக்கரசி