பாலிகஞ்ச் பாலத்தில் உங்கள் பச்சைக் கார்

என் கோபக்கார மகராசருக்கு,

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் காரின் எஞ்சினை மாற்றிவிட்டேன். கியர்பாக்ஸையும்தான். அங்கே யாரிடமும் கத்தாமல் முழுவதும் கேளுங்கள்.

நீங்கள் கண்ணை மூடின மறு வருஷமே பழைய எஞ்சின் இறுகிப்போனது. "அம்மா, அந்தப் பச்சைத் தகரத்த வித்துடு, உனக்கு எதுக்கு வீண் தொல்லை?" என்று நம் செந்தில் பெங்களூரிலிருந்து போனில் நச்சரித்தான். தகரமாம்! "டேய், நானே ஓட்டுறேன்டா" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் பந்தயம் கட்டினோம். ஆளேற்றிக்கொண்டு, எஞ்சின் அணையாமல், பாலிகஞ்ச் மேம்பாலத்தை நான் ஏறிவிட்டால் கார் எனக்கு. இல்லையென்றால் பழைய இரும்புக்காரனுக்கு.

உங்கள் மெக்கானிக் தபனின் பவானிபூர் பட்டறையில் போய் நின்றேன். பின்பக்கம் நசுங்கிய ஒரு வண்டியின் ஜப்பான் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பழைய வண்டிச் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் அவருக்குக் கிடைத்தன. எஞ்சினைத் தாங்கும் இரும்பை வெட்டி ஒட்டினார். பெட்டி நீளம் என்பதால் தரையை அறுத்து, பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டைக் குட்டையாக்கினார். வேலை நடந்த மூன்று வாரமும் நான் பட்டறையை விட்டு நகரவில்லை. "பௌதி, நீங்க கொஞ்சம் வீட்ல இருங்களேன்" என்று அந்த மனிதர் கெஞ்சிவிட்டார். நீங்கள் அவருக்குத் தாதா, அண்ணன்; அதனால் நான் பௌதி, அண்ணி.

ஒன்றை மட்டும் சொல்ல மனசு வரவில்லை. புது கியர்க் கம்பி தரையிலிருந்து முளைக்கிறது. செந்தில் சின்ன வயசில் நமக்கு நடுவே உட்காருவானே, சரியாக அந்த இடத்தில். நீளச் சீட்டை அறுக்கும்போது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸும் வாங்கியாயிற்று. ஆனால் என்ன பிரயோஜனம்? ஸ்டியரிங்குக்கு அடியில் கியரை இழுக்கும் உங்கள் கையை இருபது வருஷம் பார்த்தவள் நான். உங்கள் இடத்தில் உட்கார்ந்ததும் என் கை தன்பாட்டுக்கு அங்கே போய், வெறும் காற்றைப் பிடித்து இழுத்தது! "பௌதி, கீழே! கீழே!" என்று தபன் அலறினார்.

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பக்கத்தில் தபன். பின்னால் லீவுக்கு வந்திருந்த செந்திலும், பாரத்துக்காகக் கீழ்வீட்டுப் பெங்காலி மாமி, நம் மாஷிமாவும். பாதிப் பாலத்தில் முன்னால் போன பஸ் சடாரென்று நின்றது. நானும் நின்றேன். பின்னால் ஒரு மினிபஸ் ஹாரனால் உயிரை வாங்குகிறது. என் பாழாய்ப்போன கை மறுபடியும் காற்றைப் பிடித்தது. வண்டி ஒரு முழம் பின்னால் சரிந்தது. "துர்கா, துர்கா!" என்றார் மாஷிமா. பிரேக்கை மிதித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டேன். ஏறியதுங்க! உறுமிக்கொண்டு ஏறியது! "அம்மா, நீ ஜெயிச்சுட்டம்மா!" என்று செந்தில் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

அப்போதுதான் தபன் உளறினார். "தாதா ஒரு நாளும் இந்தப் பாலம் ஏறினதில்ல, பௌதி. பழைய எஞ்சின் இழுக்காது. நடுவுல நின்னு, நீங்க எறங்கித் தள்ளும்படி ஆயிடுமோன்னு பயந்தார்."

அப்படியா சங்கதி! பாலத்துக்கு அந்தப் பக்கம் கஸ்பாவில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாலத்தை விட்டுவிட்டு லேக்கைச் சுற்றி, ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்று, காரப் பொரி ஜால்முரி வாங்கிக் கொடுத்து, "உன்னோட கொஞ்சம் காத்து வாங்கலாம்னுதான்" என்றீர்களே. திருட்டு மனுஷா! சிரித்தேன், அழுதேன், மூன்றாவது கியரும் போட்டேன்.

இனி கஸ்பாவுக்குப் பாலம் ஏறித்தான் போவேன். திரும்பும்போது லேக்கைச் சுற்றி, கேட்டில் நின்றுதான் வருவேன். இது சத்தியம். வண்டி ஏறாது என்பதற்காக இல்லை.

உங்கள் காரை ஓட்டிக்கொண்டு, உங்கள் பேரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும்,
உங்கள் பெண்டாட்டி
விசாலம்