ஐந்தாம் பதிப்பும் அந்தப் பத்தொன்பது நிமிடமும்

ஔலு, அக்டோபர் 23, புதன்கிழமை

அன்பு மகள் ஹில்லாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று எல்லாக் கடிதத்திலும் கேட்கிற மாதிரி இதிலும் கேட்கிறேன், ஆனால் இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நாம் இருவரும் பேசினால் பாதி நேரம் இந்தப் பக்கம் ஒரு மூச்சு, அந்தப் பக்கம் ஒரு மூச்சு, அவ்வளவுதான். எழுதினால் நடுவில் நிறுத்த முடியாது. காலையிலிருந்து மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், இல்லாத தூசியைத் துடைத்தேன். அம்மா, "அந்த நாற்காலியில முள்ளா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக் குழுவுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, கார் டயரை மாற்றிவிட்டேன். பாவோ சித்தப்பா குழுவோடு போய் ஒரு பெரிய காட்டு மான் அடித்தார். நம் பங்கு இறைச்சியை வைக்கக் குளிர்பெட்டியில் இடமில்லாமல் அம்மா சிவப்புக் காட்டுப் பழங்களை எல்லாம் வெளியே எடுத்து ஜாம் காய்ச்சிவிட்டாள், உனக்கும் ஒரு பாட்டில் அனுப்பச் சொன்னாள். சர்க்கரை உள்ளதைத் தனக்குத்தான் வைத்துக்கொண்டாள், கவலைப்படாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியின் போன் அமைப்பான குயிக்காவின் ஐந்தாம் பதிப்பு இந்தத் திங்கட்கிழமை வெளியாவதாக இருந்தது உனக்குத் தெரியும். முப்பத்தொரு பேர் ஆறு வருடம் உழைத்தது. போனுக்குள் ஓடுகிற மொத்த அமைப்பையும் அஸ்திவாரத்திலிருந்து பிரித்துக் கட்டியிருக்கிறோம், ஒரு தடவை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் வரும் என்பதுதான் அதன் பெரிய பெருமை. இரண்டு நாள் எப்படி வருகிறது என்றால், கையில் எடுக்காத நேரத்தில் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் தூங்க வைத்துவிடுகிறது. அவசரமான ஒன்று வந்தால் மட்டும் எழுந்துகொள்ள வேண்டும். உன் கைச் சதையில் ஒட்டியிருக்கிற சர்க்கரை உணரி "குறைகிறது" என்று சொன்னால் போன் எழுந்து அலற வேண்டும், அது அவசரத்திலும் அவசரம். அதைச் சோதிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏழு வயதில் உனக்கு இந்தச் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து நான் சோதித்துக்கொண்டேதான் இருக்கிறேன். நாற்பது தடவை சோதித்தேன். முப்பத்தொன்பது தடவை டக்கென்று அடித்தது, ஒரு தடவை பதினொரு நிமிடம் கழித்து அடித்தது. எவ்வளவு முயன்றும் அது மறுபடி வரவில்லை. "மீண்டும் நிகழவில்லை" என்று எழுதிக் குறிப்பை மூடிவிட்டேன். மூடினது என் கைதான், ஹில்லா.

போன வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். எங்கள் தலைவி துய்ரே பட்டியலை வாசித்து முடித்து, "யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். எங்கள் ஊர்க் கூட்டம் எப்படி என்று நீ மறந்திருக்க மாட்டாய். எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தோம். எனக்கு அந்தப் பதினொரு நிமிடம் தொண்டை வரை வந்தது. பேட்டரிப் பகுதியை எழுதிய யூசோவைப் பார்த்தேன், அவன் சும்மா இருந்தான், அவனே சும்மா இருக்கிறான் என்றால் கோளாறு இல்லை போல என்று நானும் சும்மா இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவனும் என்னைப் பார்த்து, இந்தக் கிழவனே சும்மா இருக்கிறான் என்று இருந்திருக்கிறான். பத்து விநாடி ஆயிற்று. "அப்போ சரி," என்றாள் துய்ரே. இந்த நாட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்மதம். வெள்ளிக்கிழமை காலையில் தானாக முன்வந்த சோதனையாளர்களுக்கு முன்கூட்டியே பதிப்பு போயிற்று. அந்தப் பட்டியலில் உன் பெயரைச் சேர்த்தது நான், என் மகள் முதல் ஆளாக வைத்திருக்கட்டும் என்ற பெருமைதான்.

சனிக்கிழமை ஏரிக்கரைக் குடிலுக்குப் போனோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு முன் உடை மாற்றும் அறையில் நான்கு போன்களை வரிசையாக வைத்து, பொய்யான உணரி ஒன்றை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். பாவோ வந்து இறைச்சி எடுக்க வா என்று என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினால், நான்கில் இரண்டு அடிக்கவே இல்லை. கையில் எடுத்ததும்தான் அலறின. ஆபீசில் ஏன் இது மறுபடி வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் பொறுமை இல்லாதவன், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன், அப்படிப் பார்த்ததே அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது. ஆடாமல் அசையாமல் மூன்று மணி நேரம் கிடந்தால்தான் அது செத்தமாதிரி தூங்குகிறது. மூன்று மணி நேரம் ஒரு போன் அசையாமல் கிடப்பது எப்போது என்று நினைத்ததும் உன் கட்டில் பக்கத்து மேசைதான் கண்ணில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். போன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குப்பா, பேட்டரி ரெண்டு நாள் வருது," என்றாய். உன் குரல் தெளிவாக இருந்தது. அதைக் கேட்டு என் மனம் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மகளுக்கே ஒன்றும் ஆகவில்லை, திங்கட்கிழமை வெளியாகட்டும், பிறகு ஒரு திருத்தம் விட்டுக்கொள்ளலாம் என்று ஒரு மணி நேரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மாதான் தாங்க முடியாமல், "ஏஸ்கோ, ரெண்டு நாளா அடுப்பைச் சுத்திச் சுத்தி வர்ற. சொல்ல வேண்டியதை அடுப்புகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வெளியீடு. மேசையில் கேக்கெல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். ஒன்பது ஐம்பதுக்கு நான் எழுந்து நின்று, பதிப்பை வெளியே விடக்கூடாது என்றேன். முப்பது வருடத்தில் நான் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை, குரல் கீச்சென்று வந்தது. நான் சொல்லி முடித்ததும் யூசோ, "எனக்கும் ஒரு தடவை வந்துச்சு," என்றான். மூலையிலிருந்து ஒரு பெண், "எனக்கு ரெண்டு தடவை," என்றாள். துய்ரே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "வியாழக்கிழமை எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பதிப்பு நின்றது. எப்போது என்று தெரியாது, யூசோ இரண்டு வாரம் என்கிறான், நான் நம்பவில்லை. கேக்கை யாரும் தொடவில்லை.

பிறகு சோதனையாளர்களின் போன்கள் அனுப்பிய பதிவுகளைப் பிரித்துப் பார்த்தோம். அதில் பெயர் இருக்காது, ஊர் மட்டும் இருக்கும். நீ இருக்கிற டனிடின் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஊரில் நம் போன் வைத்திருக்கிறவர் வேறு யார்? உன் ஊர் நேரப்படி சனிக்கிழமை விடியற்காலை அடிக்க வேண்டிய அலாரம் பத்தொன்பது நிமிடம் அடிக்கவில்லை. பத்தொன்பதாவது நிமிடம் போனைக் கையில் எடுத்திருக்கிறாய், எடுத்த பிறகுதான் அது அலறியிருக்கிறது. போன் உன்னை எழுப்பவில்லை, நீதான் போனை எழுப்பியிருக்கிறாய். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

உடனே பழைய பதிப்புக்கு மாற்று என்று செய்தி அனுப்பினேன், "சரிப்பா" என்று ஒரு வார்த்தை வந்தது. ராத்திரி அம்மா உன்னைக் கேட்டபோதுதான், வியர்த்துக் கொட்டி எழுந்ததையும் கை நடுங்கி ஜூஸைக் கொட்டியதையும் சொன்னாயாம். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "அப்பாவோட ஆறு வருஷம்மா அது. நான் ஒருத்தி சொல்லி அது நிக்க வேணாம்னுதான்," என்றாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு வருடம் என்ன பெரிய ஆறு வருடம்? அது குப்பைக்குப் போனால் வேறொன்று செய்வோம். உன்னைப் போல இன்னொன்று செய்ய எங்கள் இருவருக்கும் வயது தாண்டிவிட்டது. நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்த அதே வேலையை நீ பதினேழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் செய்திருக்கிறாய், யாரிடம் கற்றாய் என்று நான் கேட்க முடியாது.

இன்று சந்தையில் சாவி கொடுக்கிற கடிகாரம் ஒன்று வாங்கினேன், காது கிழிய அடிக்கும், ஜாமும் ரொட்டியும் வைத்த பொட்டலத்தோடு வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு வைத்து எழுந்து சர்க்கரையைப் பார். கட்டில் பக்கத்தில் ஜூஸ் இரண்டு டப்பா, ஒன்று போதாது. நான் சொல்கிறவரை நான்காம் பதிப்பிலேயே இரு. சோதனையாளர் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன், இனி எங்கள் கம்பெனிக்கு நீ எதையும் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல். நல்லாத்தான் இருக்குப்பா என்று மட்டும் சொல்லாதே. எது நன்றாக இல்லை என்று முதலில் சொல், திட்டியாவது சொல். நீ நீண்ட ஆயுளோடு, உடம்பில் சர்க்கரை சரியாக நின்று, மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். அம்மாவின் முத்தங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் அப்பா
ஏஸ்கோ