ஐந்தாவது கை

இன்று ஆய்வகத்தில், கொண்டைக்கடலை ஊறவைத்த பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசம் வந்தது. விதை முளைக்கும் பாடத்துக்காக வைத்தது. நீ இருந்திருந்தால் பாதியை அள்ளிக்கொண்டு போயிருப்பாய்.

அந்த வெள்ளிக்கிழமையும் அள்ளினாய். தியாகதுருகத்துப் பள்ளியில் நீ வேதியியல், நான் தாவரவியல். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"என் கடலையைத் திருடுறியே, வெக்கமா இல்லியாடி?" என்றேன்.

"கடலைன்னு சொல்லாத. இனிமே அது கார்பன்."

ஐந்தை ஈர்க்குச்சியால் வரிசையாகக் கோத்தாய். ஐந்து கார்பன் சேர்ந்த பென்டேன். அதை வளைத்துக் காட்டி, "வளைச்சா வேற ஆயிடுமா? நீ குனிஞ்சாலும் நீதானே?" என்றாய். ஓரத்துக் கடலையைப் பிடுங்கி நடுவில் கிளையாகக் குத்தினால்தான் அது வேறு பொருள். கடைசியில் நடுவில் ஒன்று, சுற்றிலும் நாலு. அதே ஐந்து கடலையில் மூன்று பொருள்.

பிள்ளைகள் கிளை போடும் ஆசையில் நடுக் கார்பனுக்கு ஐந்து கோடு இழுத்துவிடுவார்கள். உன் சத்தம் வராந்தா கடைசி வரை கேட்கும். "கார்பனுக்கு நாலு கைதான். அஞ்சாவது இன்னாத்துக்கு?"

காய்ந்து சுருங்கினால் குச்சி கழன்றுவிடும் என்று, திங்கட்கிழமை வகுப்புக்காக எல்லாவற்றையும் ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்தாய்.

"ஈரத்துல வெச்சா மொளைச்சிடும்டி."

"இத்தினி குத்து வாங்கினது எங்க மொளைக்கும்? பாத்துக்கினே இரு."

சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். "ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள..." என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "திங்கக்கெழமை அவளுக்குக் கிளாஸ் இருக்குதுங்களே" என்றேன். அதையா ஒருத்தி சொல்வாள்? உன்னை எடுக்கும்போதும் எனக்குக் கண்ணீர் வரவில்லை.

திங்கட்கிழமை இரங்கல் கூட்டம் முடிந்ததும் உன் மேசையை ஒழிக்கச் சொன்னார்கள். டப்பாவைத் திறந்தேன். நடுக்கடலையில், நாலு குச்சிக்கும் இடையில், வெள்ளையாக ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தது.

ஈரம் பட்டால் விதை முளைக்கும் என்பதை வருஷா வருஷம் சொல்லிக்கொடுப்பவள் நான். "பாத்தியாடி, நான் சொல்லல?" என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன்.

நீ செத்துப்போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்றைக்கும் ஒரு கடலையில் நாலு குச்சி குத்தி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். முளைத்தால் யாரிடம் காட்டுவது என்று இன்னும் தெரியவில்லை.