முதுவயல் பண்ணையின் கிழக்கு வரப்பைக் காக்கும்படி நெய்தலங்காட்டு நகரத்தாருக்கு விடுத்த ஓலை

மழை வழங்குக. மனைதோறும் உலை கொதிக்க. பொன்னலை நாட்டைத் தாயென நின்று புரக்கும் கோமகள் நறுவீ நாச்சியார் திருவாய் மொழிந்தருளியபடி, திருவடி தொழுது ஏவல் செய்யும் ஓலைநாயகம் சேந்தன் நக்கன் எழுதுவது. கடல் தந்த செல்வத்தையும் இறைவன் தந்த நன்னெஞ்சையும் ஒருங்கே உடைய நெய்தலங்காட்டு நகரத்தார் அனைவரும், அவர்தம் மனைவியரும் மக்களும், கொட்டிலில் நிற்கும் கன்றும் நலமே வாழ்க.

உங்கள் நகரம் பெருகி, வந்தேறிய குடிகள் மடத்து வாயிலிலும் மரத்தடியிலும் உறங்குவதனால், மதிலுக்குள் கிடக்கும் பழைய முதுவயல் பண்ணையைத் தெருக்களாகவும் தானியம் விற்கும் கூலக்கடைகளாகவும் வகுத்துத் தரவேண்டும் என்று நீங்கள் முன்பு விண்ணப்பித்தீர்கள். நாச்சியார் அதைத் தள்ளவில்லை. நிலத்தைப் பார்த்துவர நகர் வகுக்கும் அதிகாரி கண்டன் மருதாண்டானை முத்திரையுடன் அனுப்பினார். மருதாண்டானோ, பண்ணைக் குடிகள் அரச முத்திரையைக் கண்டும் புறம் திரும்பி நின்று அவமதித்தனர் என்று எழுதினார். அதைக் கேட்ட நீங்கள், அக்குடிகளை மதிலுக்கு வெளியே போக்கி நிலம் முழுவதையும் எடுத்துக்கொள்ள ஆணை வேண்டினீர்கள். அவ்வாணையை நாச்சியார் ஏன் தரவில்லை என்பதை நீங்கள் அறியவேண்டும். ஆதலால் நடந்தது இங்கே சொல்லப்படுகிறது. குடிகளின் பேச்சை மெருகிடாமல் எழுதும்படியும் கட்டளை.

மருதாண்டான் நல்லவர், உழைப்பாளி. நாட்டைப் படைத்த முன்னோன் முதல் ஏர் பிடித்த நிலத்துக்குப் போகிறோம் என்று அன்று புதுப்பட்டு உடுத்திப் புறப்பட்டார். பண்ணையின் பெருவாயிலை வண்டிகள் அடைத்துக் கிடந்தமையால் பல்லக்கைக் கிழக்கு வரப்பின்மேல் திருப்பச் சொன்னார். பொழுது சாயும் வேளை. பயற்றங்காய் பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவுடனே திரும்பி நின்றாள். அடுத்தவனும் திரும்பினான். இடுப்பில் குழந்தை வைத்திருந்தவள் அதன் முகத்தையும் தன் தோளோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டாள். மருதாண்டான் இறங்கி நின்று கனைத்தார். ஒருவரும் அசையவில்லை. சங்கு ஊதச் சொன்னார். அவர்கள் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்கள். கையில் முத்திரையுடன், வயல் நிறைய முதுகுகளைப் பார்த்தபடி நின்ற அவருக்குக் காது மடல் சுட்டது. பல்லக்கில் ஏறித் திரும்பினார். அந்தச் சூடு ஆறுமுன்னே ஓலை எழுதிக் குதிரையில் அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, பல்லக்குத் தூக்கும் குன்றன் என்பவன் சுவரோரம் குந்தி, மடியிலிருந்த பயற்றங்காயை உரித்துத் தின்பதைக் கண்டு, அது ஏது என்று கேட்டார். குன்றன் பதறி எழுந்தான்.

“திருடலைங்க ஐயா. அந்த வரப்போரம் விட்டிருக்கிறது பசிச்சவங்களுக்கு. பறிப்புக் காலத்துல அந்த வழியா யார் வந்தாலும் பசியோட வர்றதாத்தான் கணக்கு. எடுக்கிறவங்க கூசக்கூடாதுன்னு பண்ணையாளுங்க திரும்பி நின்னுக்குவாங்க. நேத்து விடிஞ்சதுலேருந்து நாங்க ஒண்ணும் சாப்பிடலை. உங்களுக்குப் பின்னாடி நின்னு ஆளுக்குக் கொஞ்சம் ஒடிச்சோம்.”

“அப்படியானால் என்னையும்?”

“உங்களையும் பசியோட வந்தவருன்னுதான் நினைச்சிருப்பாங்க ஐயா.”

தம்மை ஒருவரும் பார்க்கவில்லையே என்று நொந்தவர், தம்மைச் சுமந்தவர்கள் உண்டார்களா என்று பார்க்கவில்லை. இதை நாச்சியாரிடம் அவரே சொன்னார். நாம் ஏற்றிச் சொல்வது அன்று. குன்றனுக்கும் மற்றவர்க்கும் முதலில் சோறிடச் செய்தார். பிறகு தாமே நடந்து, பெருவாயில் வழியாகப் பண்ணைக்குள் போனார்.

பண்ணைக்குத் தலைவியான உலகாத்தாள் அவரை நேர்முகமாகப் பார்த்து வணங்கி, மோர் கொடுத்தாள். முன்தினம் வந்தவர் அவரே என்று அறிந்ததும் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள்.

“சங்கு ஊதினது நீங்கதானா? பக்கத்துல காய் பறிச்ச இவ கேட்டா, பசிச்சவன் சங்கு ஊதுவானா அக்கான்னு. ஊதட்டும்டி, பாவம், ரொம்பப் பசி போலன்னேன்.”

மருதாண்டானும் சிரித்துவிட்டார். ஆயினும் சங்கொலி கேட்டபின், வந்தவர் அதிகாரி என்று ஐயம் எழவில்லையா, ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்திருக்கலாகாதா என்று கேட்டார்.

“ஐயம் வந்துதுங்க. ஆனா பின்னாடி காய் ஒடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அது நிக்கிற வரைக்கும் எப்படித் திரும்பறது? எவனோ ஒருத்தன் கையை இழுத்துக்குவானே. அதிகாரி கோவிச்சுக்கிட்டா நாளைக்குக் கால்ல விழுந்துக்கலாம்.”

நகரத்தார் கேட்டதையும் மருதாண்டான் அவளிடம் மறைக்கவில்லை. தெருவில் உறங்குவோர்க்கு வீடு வேண்டும் என்றார். அவள் வயலை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“மேற்கே மாடு மேயற மேட்டை எடுத்துக்கங்க. மாட்டை நாங்க ஓட்டிக்கிட்டு ஆத்தோரம் போயிக்கிறோம். படுக்க இடமில்லாதவனுக்கு இல்லேன்னு சொல்லிட்டு இந்த வரப்புல எப்படிங்க நடக்கிறது? விதைக்கிற மண்ணை மட்டும் விட்டுடுங்க.”

மருதாண்டான் அவளை வணங்கி, நேரே கோநகர் வந்து, தாம் எழுதியது பிழை என்று அரசவை முன்னிலையில் சொல்லி நின்றார். நாச்சியார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் உணவில் ஒரு பகுதியை அவருக்கு அளித்து, நிலத்தைப் புதிதாக வகுத்துவரச் சொன்னார்.

ஆகவே நகரத்தார் அறிந்து நடக்கவேண்டியது இது. மேற்கு மேட்டில் தெருக்கள் எழுக. வீடற்றோர்க்கே அங்கு முதலில் மனை தருக. கூலக்கடைகள் பெருவாயிலின் இருபுறமும் அமைக. விதைப்பு நிலம் உலகாத்தாளும் அவள் சுற்றத்தாரும் உழுதபடியே நிற்க. அக்குடிகளை யாதொருவரும் அங்கிருந்து கிளப்பலாகாது. கிழக்கு வரப்பை அகலப்படுத்துவதோ, கல் பாவுவதோ, விளக்கேற்றுவதோ வேண்டா. அதை நோக்கி எந்த வீட்டுக்கும் சாளரம் வைக்கலாகாது என்று மருதாண்டான் தம் கையாலேயே வரைந்து தந்திருக்கிறார். கொத்தர் அதன்படி செய்க. இறைவன் நம் பசிக்கெல்லாம் மழையை அனுப்பிவிட்டு, நாம் வாங்குவதைப் பாராதவன்போல் மேகத்துக்குப் பின் நிற்கிறான். அவன் வழியில் நிற்பவர்களை நாம் அப்புறப்படுத்தலாமா என்று எண்ணிப் பார்க்குமாறு நாச்சியார் உங்களை அன்புடன் கேட்கிறார்.

பண்ணைக் குடிகளுக்கும் ஓர் ஆணை உண்டு. இதை அவர்கள் நடுவே நின்று படித்துக் காட்டுக. பறிப்புக் காலத்தில் அவ்வரப்பின்வழி வருபவர் எவராயினும், முத்திரையோடு வரினும், முரசோடு வரினும், நாச்சியாரே எழுந்தருளினும், திரும்பி நிற்பீர்களாக. எவர் பசி எப்போது வரும் என்று எவர் அறிவார்.

இவ்வோலை கோமகளின் கயல் முத்திரை பெற்றது. படித்தவர் வாழ்க, கேட்டவர் வாழ்க, இதன்படி நடப்பவர் அடுக்களையில் அன்னம் குறையாதிருக்க.