ஏழு காதுகளுக்கு எட்டாமல்

அன்புத் தங்கை புருலாய்க்கு,

பெர்மெத் அக்கா எழுதுவது. நீயும் குழந்தை அய்பிகேயும் நலமாக இருக்க வேண்டும். வழக்கமாக எழுதும் வரி என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாஸ்கோவில் நாம் எல்லோரும் சேர்ந்து தங்கிய அந்த அறையில் நீ போனை எடுத்தால் மற்ற ஏழு காதுகளும் உன் பக்கம் திரும்பும். காசம் என்ற சொல் வெளியே கேட்டால் அன்றைக்கே உங்கள் இருவரையும் தெருவில் நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் மாஸ்கோவுக்கு வரும் கபாய் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

உங்களிடம் சொன்னதுபோல் நான் ஊருக்கு வந்தது அம்மாவைப் பார்க்க அல்ல. மூன்று மாதமாக ஓஷ் நகரத்துக்கு வெளியே காசநோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். சாதாரண மாத்திரைக்கு அடங்காத காசம். தினமும் நர்ஸ் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். பாதம் மரத்துவிட்டது, செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை. ஆனால் சளியில் இப்போது கிருமி இல்லையாம். இன்னும் மூன்று மாதம் பாக்கி.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். இரண்டு வருஷத்துக்கு முன்பே மாஸ்கோவில் ஒரு டாக்டர் இது காசம் என்று என்னிடம் சொல்லிவிட்டார். பெயரைப் பதிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஓடி வந்துவிட்டேன். ஒருத்தியிடம் மாத்திரை வாங்கி, சத்து மாத்திரை என்று உங்களிடம் சொன்னேன். "அக்காவுக்கு இளமை திரும்புது, மாப்பிள்ளை பாத்துடலாமா?" என்று நீகூடக் கேலி செய்தாய். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் இருமல் திரும்பி வந்தது. சிகரெட் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஷைர்குலும் நானும் பகல் வேலை, இரவு வேலை என்று ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்தவர்கள். அவள் இருமத் தொடங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். வேலை முடிந்து வந்து தூங்குகிறவர்களுக்காக, ஒவ்வொரு இருமலுக்கும் பிறகு மெதுவாக "மன்னிச்சுக்கங்க" என்பாள். "பனிக்காத்துடி, சரியாப்போயிடும்" என்று நான் சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன், புருலாய். நுரையீரல் காய்ச்சலில் போனாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

இங்கே மதிய ஓய்வு நேரத்தில் தாழ்வாரத்தில் யாராவது இருமினால் நான் காத்திருக்கிறேன். சில நாள் அந்த "மன்னிச்சுக்கங்க" கேட்கிறது. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. மாத்திரை செய்கிற வேலை என்கிறாள் நர்ஸ். நான் மேலே கேட்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஷைர்குலின் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். இறந்த மகளின் பேரில் கொடுக்க எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைத் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முற்றத்துப் பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா அவளுக்குத் தண்ணி குடுத்தது நீதானாமே. அல்லா உனக்கு நல்ல ஆயுசைக் குடுக்கட்டும்மா" என்றாள். கடித்த போர்சோக்கைத் துணிமேல் திரும்ப வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "அந்த ரூம்ல ஒரு சின்னப் புள்ள இருக்குன்னு சொல்லுவாளே, அது?" என்று கேட்டாள்.

என் கையில்தான் தூங்கும் என்றேன்.

எழுந்துவிட்டாள். "உன்னை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. மொதல்ல அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு எழுது. இன்னைக்கே எழுது." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

போன தடவை பேசும்போது உன் குரலுக்குப் பின்னால் அய்பிகே இருமினாள். "பள்ளிக்கூடத்துல ஒட்டிக்கிட்ட சளிதான் அக்கா" என்றாய். நான் கேட்காததுபோல் பேச்சை மாற்றினேன். இனி மாற்ற மாட்டேன். அவளை இங்கே கூட்டிக்கொண்டு வா, தங்கம். சோதனையில் ஒன்றும் இல்லை என்றால் திரும்பிப் போய்விடு. இருந்தால் குழந்தைகளுக்கும் இங்கே மருந்து இருக்கிறது. டாக்டரம்மாவிடம் உங்கள் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். என் அண்ணன் விமான நிலையத்துக்கு வருவான்.

என்னோடு இனிப் பேச மனம் வராவிட்டால் பேசாதே. சோதனையில் குழந்தைக்கு என்ன என்று மட்டும், யார் மூலமாவது, ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. அந்தப் பிஞ்சு மூச்சை இறைவன் காக்கட்டும்.

அக்கா என்று நீ கூப்பிட்ட,
பெர்மெத்