ஹாலில் மாட்டிய டப்ளின் கடிகாரம்

ஸ்ரீரங்கம்
21.1.2026, புதன்கிழமை

அன்பு மகள் ரஞ்சனிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரிலும் நீ சுகமாக இருக்க ரெங்கநாதர் துணை. தினம் போனில் பேசுகிற ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இது முகம் பார்த்துச் சொல்ல வெட்கமான விஷயம், சொல்லாமல் இருக்க முடியாத சந்தோஷமும்கூட. விடுமுறைக்கு வந்த உன் தோழி ஆபிதா வெள்ளிக்கிழமை டப்ளின் திரும்புகிறாள், அவள் கையில் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அம்மாடி, உன் தூக்கம் எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டோம்! திருடன் நம் வீட்டு ஹாலிலேயே இருந்திருக்கிறான்.

பொங்கலன்று நீ போனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. டூட்டிக்கு முன்னால் தூக்கமே வர்றதில்லைப்பா, மருந்துச் சீட்டை மூணு தடவை படிச்சாலும் தலையில ஏற மாட்டேங்குது, நோயாளிக்கு ஏதாவது தப்பாக் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு, நர்ஸ் வேலையை விட்டுட்டு வந்துடட்டுமான்னு கேட்டாய். முப்பத்துநாலு வருஷம் கைலாசபுரம் ஆலையில் மூன்று ஷிப்டும் பார்த்தவன் என்ற திமிரில், உடம்பு தானாகப் பழகிவிடும், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருக்கிறது. அம்மா பாவம், உனக்குத் தூக்கம் வர வேண்டும் என்று தாயார் சந்நிதிக்கு நடையாய் நடந்தாள். நீ டூட்டிக்குக் கிளம்புமுன் விபூதி பூசிவிட முடியவில்லை, குரலாவது கேட்கட்டும் என்று நீ எழும் நேரம் பார்த்துத் தினமும் கூப்பிட்டு, ராத்திரி நல்லாத் தூங்குனியாடி என்று கேட்டும் வந்தாள்.

இனிமேல்தான் கூத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆபிதா நம்மைப் பார்க்க வந்தாள். காபியைக் கையில் வாங்கியவள் சுவரையே பார்த்தாள். நீ ஜூலையில் விமானம் ஏறிய மறுநாளே சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு கடிகாரம் வாங்கி, உங்கள் ஊர் நேரம் வைத்து, ரஞ்சனி என்று சீட்டு ஒட்டி மாட்டினேனே, அதைத்தான். அங்கிள், அங்க இப்ப ஒரு மணி, இது ரெண்டு காட்டுதேன்னாள். நான் விடவில்லை, கையால் கணக்குப் பார்த்து வைத்ததம்மா, தப்பாது என்று சாதித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, அக்டோபர் கடைசியில ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சுடுவாங்க அங்கிள், குளிர்காலத்துக்கு அப்படித்தான் என்று சொன்னாள். மனிதர்கள் மணியை மாற்றுவார்களா என்ன! நம் ஊரில் எவனாவது கேள்விப்பட்டிருப்பானா? பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ரஞ்சனி சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கா, ஆனாலும் சொல்றேன், நீங்க கூப்பிடறப்ப அங்க நாலரை மணி அங்கிள், அவ எந்திரிக்க வேண்டியது அஞ்சரைக்கு, போன் வந்துடுமேன்னு மூணு மணியிலேருந்தே முழிச்சுக் கிடக்கறா என்று சொல்லிவிட்டாள். நைட் டூட்டிக்கு முன்னால் பகலில் நீ தூங்கும்போதும் இதே கதைதானாம்.

நான் ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன். அம்மா, அய்யோ, தூங்குனியா தூங்குனியான்னு கேட்டே எம் புள்ளைய எழுப்பிவிட்டிருக்கேனேன்னு தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் பத்து மணிக்குப் பழக்க தோஷத்தில் போனை எடுத்தவள், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள்! பதினொன்றேகாலுக்கு நீயாகக் கூப்பிட்டாய், அரிசிக்குள்ளிருந்து மணி அடித்தது, ஏன் கூப்பிடலைன்னு நீ கேட்டதற்கு அடுப்பில் பால் இருந்தது என்று அம்மா புளுகினாள். நேற்றும் கூப்பிடவில்லை, இன்றும் இல்லை. இன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கும். என்னன்னு தெரியலைப்பா, ஏழு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன், வேலையை இப்ப விடலை, பார்த்துக்கலாம்னு சொன்னாய். போனை வைத்ததும் நான் குதித்த குதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுப் பூக்காரர் பிச்சமுத்துவிடம்கூட எம் பொண்ணு தூங்கிட்டாளுங்க என்று சொல்லிவிட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அம்மா மனசு நோகுமென்று கிட்டத்தட்ட மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அது பாசமா, பைத்தியக்காரத்தனமா? இனிமேல் அந்த வேலை வேண்டாம். படுக்கும் அறையில் போன் வைக்காதே, மணி பார்க்க அலாரக் கடிகாரம் போதும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடு, ஷிப்ட் பார்த்த காலத்தில் நான் ஈரத் துண்டைத்தான் கட்டுவேன், உங்கள் ஊர்க் குளிருக்கு அது ஆகாது. டூட்டி பாதி முடிந்த பிறகு டீ குடிக்காதே. இவ்வளவும் செய்து தூக்கம் வரவில்லையென்றால் பெரிய டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல், அத்தனை பேருக்கு மருந்து கொடுக்கிற பிள்ளை தனக்கென்று கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆலைக் குவார்ட்டர்ஸில் நான் ராத்திரி சி ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படுக்கும்போது நீ அட்டையில் எழுதி வாசல் மணியில் தொங்கவிடுவாயே, 'அப்பா தூங்குகிறார், மணி அடிக்காதீர்கள்' என்று, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வகுப்புக் கையெழுத்து. அம்மா அதைப் பழைய ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தாள். நேற்று எடுத்து, அப்பா என்பதை அடித்து ரஞ்சனி என்று எழுதி, அந்தக் கடிகாரத்துக்குக் கீழே அவளே மாட்டிவிட்டாள்.

மார்ச் கடைசியில் மறுபடி மணியை மாற்றுவார்களாம், அப்போது மறக்காமல் சொல். நோய் நொடி இல்லாமல், கை நடுங்காமல், நிறைவாக இரு மகளே. இனி நாங்கள் கூப்பிட மாட்டோம், நீ எழுந்ததும் கூப்பிடு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் சரி, நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பு.

இப்படிக்கு, உன் தூக்கத்தைக் கெடுத்த
அப்பா ரெங்கராஜ், அம்மா ஆனந்தவள்ளி