முப்பத்தொரு மூட்டு

1974 பெப்ரவரி 6
தேயிலைத் தொழிற்சாலை எஞ்சினின் பெல்ட் மறுபடியும் அறுந்தது. மாட்டி முடிப்பதற்குள் துரை கூப்பிட்டார். மேல்லயத்துத் தொழிலாளர் வீடுகளில் வாந்திபேதி. பள்ளிக்கூடத்தைப் பூட்டி நோயாளிகளைப் படுக்க வைத்தாயிற்று. தண்ணீர்க் குழாய் முழுவதையும் நான் மாற்ற வேண்டுமாம். மடுல்சீமைக்கு மெக்கானிக்காக வந்தேன், இப்போது குழாய்க்காரன்.

பெப்ரவரி 9
இளையதம்பி மாஸ்டர் வழியில் மறித்தார். "தம்பி வாஹித், கெதியாச் செய்யும். தாய் தேப்பன் உள்ள பிள்ளையள் எப்ப திறந்தாலும் வருங்கள். மற்றதுகள் வராதுகள்."
எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற மனுசன். தண்ணீர் சுத்தமானால் பள்ளி திறக்கும், பிள்ளைகள் வருவார்கள். இதில் என்ன சிக்கல்?

பெப்ரவரி 11
மழை. வேலை இல்லை.

பெப்ரவரி 17
ஆள் கேட்டால் கங்காணி ஒரு சிறுமியை அனுப்புகிறார்! பவளக்கொடி, பதின்மூன்று வயது. தகப்பன் முன்பே மண்சரிவில் போனான். தாய் போன வாரம் வாந்திபேதியில். ஆறு வயதில் ஒரு தம்பி. ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள். அக்கா தம்பி இருவருக்கும் பதுளையில் விடுதி கேட்டு எழுதப்போகிறாராம் மாஸ்டர்.
அறுநூற்று நாற்பது அடி, குழாய் ஒன்று இருபதடி, முப்பத்திரண்டு மூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
"முப்பத்தொண்ணுதாங்கய்யா. கடைசிக் கொழாய எதோட மூட்டுவீங்க?"
டிப்ளோமா எனக்குத்தான்.

பெப்ரவரி 18
வேலைத்தாளில் பவளக்கொடியின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயர் இருந்தால்தானே அரிசியும் மாவும் கிடைக்கும். பள்ளிக்கூடமும் இல்லை, சும்மா இருந்து என்ன செய்வாள்?

மார்ச் 2
லயத்தில் தாய் இருந்த ஒற்றை அறையை, அந்தக் காம்பராவை, அவளுக்கே கொடுத்துவிட்டார்களாம். நல்லது.

மார்ச் 20
நாலு மூட்டு கசிந்தது. கழற்றி முதலிலிருந்து செய்யச் சொன்னேன். துரை கத்தினார். அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

ஏப்ரல் 22
தண்ணீர் சுத்தம் என்று பதுளையிலிருந்து கடிதம். பள்ளி திறந்தது. பவளக்கொடி போகவில்லை.

ஏப்ரல் 23
மாஸ்டரிடம் போனேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "தோட்டத்தில வேலைக்குப் பேர் பதிஞ்ச பிள்ளையை நான் எப்பிடிச் சேர்க்கிறது? விடுதிக்காரரும் எடுக்கமாட்டினம்."
"யார் பதிந்தது?"
"அதைக் கிளாக்கரைக் கேளும்."
கிளாக்கர் என் வேலைத்தாளை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் பேரேட்டில் ஏற்றினாராம்.
"வெட்டுங்க" என்றேன்.
"வெட்டுறது ரெண்டு நிமிசம். வேலைக்குப் பேர் இல்லாட்டி காம்பராவும் இல்லைங்க. அந்தப் பொடியன எங்க படுக்க வைக்கிறது, ஒங்க ரூம்லயா?"
வேலைத்தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஏன் வந்தேன்? கேக்காம எழுதினது நான்தானே... அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

ஏப்ரல் 24
அவளிடமே கேட்டேன். "வெட்ட வேணாங்கய்யா. தம்பிய பள்ளிக்கொடத்துல விட்டுட்டேன்."

மே 6
எஞ்சினுக்கு ஆள் கேட்க விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். கங்காணி பேர் வாசித்துக்கொண்டிருந்தார். குழாய் வேலை முடிந்து கொழுந்து பறிக்க வந்த முதல் வாரம் தன் பேர் வந்ததும் பவளக்கொடி எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாளாம். "என்ன புள்ள, சிலேட்டுப் பலகையும் கொண்டாந்தியா?" என்று களமே சிரித்ததாம்.
இன்று கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சொன்னாள்: "இருக்கேங்க."